மெத்தட் பெயர் விவாதத்தில் எதற்கு நேரம் செலவிடலாம், எதற்கு வேண்டாம்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு குழு புதிதாக ஒரு நிரல்மொழியை உருவாக்குகிறது. அடிப்படை லைப்ரரி எழுதும்போது மெத்தட்களுக்கு, அதாவது ஆப்ஜெக்டுகளின் மேல் கூப்பிடும் செயல்களுக்கு, பெயர் வைக்கும் இடத்தில் வேலை நின்றுவிட்டது. சர்ச்சை மூன்று. சொற்களை ஒட்டி நடுவில் பெரிய எழுத்துப் போடும் கேமல் கேஸா, சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர் போடும் ஸ்நேக் கேஸா? லிஸ்டை வரிசைப்படுத்த இரண்டு மெத்தட் வேண்டும். ஒன்று இருக்கும் லிஸ்டையே மாற்றும், இன்னொன்று அதைத் தொடாமல் புது லிஸ்ட் தரும். இந்த இரண்டையும் ரூபி போல ஆச்சரியக்குறி வைத்துப் பிரிப்பதா, பைத்தான் போல 'சார்ட்', 'சார்ட்டட்' என்று பிரிப்பதா? மூன்றாவது, ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் மெத்தட்டுக்கு முன்னால் 'கெட்' வேண்டுமா?

முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். இரண்டாவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தகும். அதை ஒழுங்காகத் தீர்த்தால் மூன்றாவது கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கேமல் கேஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே நன்றாகப் படிக்க வருகின்றன. ஜாவாவிலும் ஸ்விஃப்டிலும் ஒன்று, பைத்தானிலும் ரஸ்டிலும் மற்றது. எந்தப் பக்கமும் யாரும் கெட்டுப்போகவில்லை. தொல்லை எப்போது வரும் என்றால், ஒரே மொழிக்குள் இரண்டும் கலக்கும்போது. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 எழுதப்பட்டது 2001-ல். ஆனாலும் அதன் அடிப்படை லைப்ரரியிலேயே 'லாகிங்' மாட்யூலில் 'கெட்லாகர்' கேமல் கேஸில்தான் இருக்கிறது, 'யூனிட்டெஸ்ட்'டில் 'செட்அப்', 'அசெர்ட்ஈக்குவல்' எல்லாம் அப்படித்தான். இரண்டும் ஜாவா உலகத்து லைப்ரரிகளைப் பார்த்து எழுதப்பட்டவை, அங்கிருந்த பெயர் நடையும் கூடவே வந்துவிட்டது. 'த்ரெடிங்' மாட்யூலில் ஸ்நேக் கேஸ் பெயர்களை 2.6 பதிப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். பழைய கேமல் கேஸ் பெயர்களை முறைப்படி 'இனி வேண்டாம்' என்று அறிவித்தது 2021-ல் வந்த 3.10-ல். ஒரு அண்டர்ஸ்கோருக்கு இத்தனை வருடம்.

நிம் என்ற மொழி வேறு வழி பார்த்தது. அங்கே முதல் எழுத்தைத் தவிர மற்ற எழுத்துகளில் பெரியது சிறியது பேதமில்லை, அண்டர்ஸ்கோரையும் கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கருவி) கண்டுகொள்வதில்லை. அவரவர் விருப்பப்படி எழுதலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பெயரைக் கோப்புகளில் தேடும்போது சாதாரணத் தேடல் கருவி பாதியைத் தவறவிடும். அதற்காகவே அவர்கள் தனியாக ஒரு தேடல் கருவியும் தர வேண்டியிருந்தது. எனக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை. உங்கள் குழுவில் பெரும்பாலானவர்களின் கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், கோ மொழியில் கோஃபம்ட் கருவி செய்வது போல, நிரலின் வடிவத்தைத் தானாக ஒழுங்காக்கும் ஒரு ஃபார்மேட்டரை மொழியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள், விதி மீறினால் கம்பைலர் எச்சரிக்கட்டும். அவ்வளவுதான்.

சரி, இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம்.

ஒரு மெத்தட்டின் பெயர் வரையறையில் ஒரே ஒரு முறை எழுதப்படுகிறது. அழைக்கும் இடங்களில் ஆயிரம் முறை படிக்கப்படுகிறது. அப்படிப் படிப்பவர் முன்னால் வரையறை இருக்காது, டைப் இருக்காது, ஆவணமும் திறந்திருக்காது. கோட் ரிவ்யூவில், அதாவது இன்னொருவர் மாற்றிய நிரலைச் சரிபார்க்கும்போது, அவருக்குத் தெரிவது மாறிய வரியும் அதன் மேலும் கீழும் நாலு வரியும்தான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் சில விஷயங்களை ஊகிக்க வேண்டும். இது இருப்பதை மாற்றுகிறதா? எதையாவது திருப்பித் தருகிறதா, அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? தோற்றுப்போனால் என்ன நடக்கும்? எவ்வளவு செலவு பிடிக்கும்? இந்த ஊகம் தவறாமல் இருக்கப் பெயர் உதவுகிறதா என்று பாருங்கள். அழகாக இருக்கிறதா, சின்னதாக இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு.

இதில் முதல் ஊகம், அதாவது மாற்றுகிறதா இல்லையா என்பதுதான் மிக அதிகமாகத் தவறுகிறது. ஒவ்வொரு மொழியும் இதில் ஒரு வழி எடுத்தது, ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் இடறியது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பைத்தானில் லிஸ்டின் 'சார்ட்' அந்த லிஸ்டையே மாற்றிவிட்டு 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தரும். புது லிஸ்ட் வேண்டுமென்றால் 'சார்ட்டட்' என்ற ஃபங்ஷன். அது 2004-ல் வெளிவந்த 2.4 பதிப்பில்தான் வந்தது. 'சார்ட்' ஏன் எதையும் திருப்பித் தருவதில்லை என்பதற்குப் பைத்தான் ஆவணத்திலேயே காரணம் இருக்கிறது: திருப்பித் தந்தால் புதுப் பிரதி கிடைத்தது என்று நினைத்துப் பழைய லிஸ்ட் மாறியதைக் கவனிக்காமல் போய்விடுவார்கள், அதைத் தடுக்கத்தான். எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும். 'பெயர்கள் = பெயர்கள்.சார்ட்()' என்று எழுதுபவர் கையில் எதுவும் மிஞ்சாது. அடுத்து அந்த லிஸ்டைத் தொடும்போதே பிழை வெடிக்கும். புதிதாகக் கற்பவருக்கு அது எரிச்சல்தான். ஆனால் சத்தம் போட்டு உடைகிறது, அதனால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்.

இதே வரியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பாருங்கள். அங்கே 'சார்ட்' அரேயையும் (லிஸ்டுக்கு அங்கே அந்தப் பெயர்) மாற்றும், அதே அரேயைத் திருப்பியும் தரும். 'புதியது = பழையது.சார்ட்()' என்று எழுதிவிட்டு, கையில் இரண்டு அரே இருப்பதாக நம்பிக்கொண்டு போகலாம். இருப்பது ஒன்றுதான், இரண்டு பெயரில். திரையில் எங்கோ பழைய வரிசையில் தெரிய வேண்டிய பட்டியல் புது வரிசையில் தெரியும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2023-ம் ஆண்டுத் தரநிலையில்தான் 'டுசார்ட்டட்', 'டுரிவர்ஸ்ட்', 'டுஸ்பிளைஸ்ட்' எல்லாம் வந்தன. அதே மொழியில் 'ஸ்லைஸ்' என்பது பிரதி எடுக்கும், 'ஸ்பிளைஸ்' என்பது அரேயை வெட்டும். ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்!

பைத்தான் வழியே சிறந்தது என்று இதோடு முடித்துவிடலாமா? முடியாது. லிஸ்டில் 'சார்ட்', 'ரிவர்ஸ்', 'அப்பெண்ட்' என்று ஏவல் வினையாக இருந்தால் மாற்றுகிறது என்று ஒருவர் கற்றுக்கொள்கிறார். அப்புறம் ஸ்ட்ரிங்குக்கு வருகிறார். அங்கே 'ரீப்ளேஸ்', 'ஸ்ட்ரிப்', 'அப்பர்' எல்லாமே புதுப் பிரதி தருகின்றன. 'ஏவல் என்றால் மாற்றும்' என்று படித்து வைத்தவர் 'வரி.ஸ்ட்ரிப்()' என்று தனியாக ஒரு வரி எழுதுவார். அது சத்தமில்லாமல் எதையுமே செய்யாது. 'எட்' விகுதியும் முழுதாக நம்பக்கூடியதில்லை. 'சார்ட்டட்' புது லிஸ்ட் தரும், கூடவே பிறந்த 'ரிவர்ஸ்ட்' லிஸ்ட் தராது, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஒரு இட்டரேட்டரைத் தரும். பைத்தானின் எண்கணக்கு லைப்ரரியான 'நம்பை'யில் இன்னும் ஒரு படி மேல்: 'என்பி.சார்ட்(அ)' என்றால் புதுப் பிரதி, 'அ.சார்ட்()' என்றால் அதே அரே மாறும். ஒரே சொல், ஒரே லைப்ரரி, எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறீர்கள் என்பதை வைத்து அர்த்தம் மாறுகிறது.

'எட்' விகுதி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகில் நிரல் எழுதுபவர்களில் பெரும் பகுதிக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஏவலுக்கும் இறந்தகாலப் பெயரெச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சொல்லின் கடைசி இரண்டு எழுத்தில் ஒளித்து வைத்தால், வேகமாகப் படிக்கிற கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆங்கிலத்திலேயே பல சொற்களுக்கு அந்த வேறுபாடு கிடையாது. 'ஸ்பிளிட்', 'புட்', 'செட்', 'கட்' இவற்றுக்கெல்லாம் என்ன விகுதி சேர்ப்பீர்கள்? ஏவலும் பெயரெச்சமும் அங்கே ஒரே உருவம்.

ஸ்விஃப்ட் இந்தச் சிக்கலை மிகவும் அக்கறையோடு யோசித்த மொழி. அவர்களுடைய வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: பக்கவிளைவு இருந்தால் ஏவல், இல்லாவிட்டால் பெயர்ச்சொல், 'சார்ட்' மாற்றும், 'சார்ட்டட்' தரும், 'யூனியன்' போன்ற பெயர்ச்சொல்லே இயல்பாக இருந்தால் மாற்றுகிற வடிவத்துக்கு 'ஃபார்ம்யூனியன்'. ஆனால் இந்த இடத்துக்கு அவர்கள் வந்த வழியைப் பாருங்கள். 2014-ன் முதல் பதிப்பில் 'சார்ட்' மாற்றும், 'சார்ட்டட்' தரும். 2015-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'சார்ட்' புது அரே தரும் என்றாக்கி, மாற்றுகிற மெத்தட்டை 'சார்ட்இன்பிளேஸ்' என்று அழைத்தார்கள். 2016-ல் மூன்றாம் பதிப்பு பழையபடியே திரும்பியது. இரண்டே வருடத்தில் ஒரே பெயர் எதிர்ப்பொருளுக்குப் போய்த் திரும்பி வந்தது. பெரிய சேதம் ஏன் ஆகவில்லை? அங்கே 'லெட்' என்று, அதாவது மாறாதது என்று, அறிவித்த அரேயை மாற்றுகிற மெத்தட்டால் தொட முடியாது, கம்பைலர் தடுத்துவிடும். மூன்றாம் பதிப்பிலிருந்து, திருப்பித் தந்த மதிப்பை வாங்காமல் விட்டாலும் எச்சரிக்கை வரும். பெயர் ஆடினாலும் பின்னால் கம்பைலர் காவலுக்கு நின்றது. உங்கள் மொழிக்கு நான் தரப்போகும் யோசனையின் மையம் இதுதான்.

அதற்கு முன் ரூபி. ஆச்சரியக்குறி என்றால் மாற்றும் என்பதுதான் எல்லோரும் ரூபியைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது. அது பாதி உண்மை. ரூபியில் 'புஷ்', 'டிலீட்', 'கிளியர்', 'கன்கேட்' எல்லாமே அரேயை மாற்றுகின்றன, ஒன்றிலும் ஆச்சரியக்குறி இல்லை. அந்த மொழியில் குறியின் உண்மையான பொருள் வேறு: ஒரே பெயரில் இரண்டு மெத்தட் இருந்தால், அவற்றில் அதிகக் கவனம் தேவைப்படும் மெத்தட்டுக்குக் குறி. அதனால்தான் 'எக்ஸிட்' என்பதன் குறியிட்ட வடிவம் முடிவில் ஓட வேண்டிய வேலைகளை ஓட்டாமல் வெளியேறுகிறது. ரூபியில் வலைத்தளம் கட்ட உதவும் ரெயில்ஸில் 'சேவ்' தோற்றால் பொய் என்று திருப்பித் தரும், குறியிட்ட 'சேவ்' தோற்றால் எக்ஸெப்ஷன், அதாவது நிரலை நிறுத்தக்கூடிய பிழை, எறியும். மாற்றுதல், வெளியேறுதல், எறிதல் என்று ஒரே குறிக்கு மூன்று வேலை.

இதில் எனக்கு மிகவும் பிடிக்காத இடம் 'யூனிக்!'. இரட்டிப்பான உறுப்புகளை அரேயிலிருந்து நீக்கும் மெத்தட் இது. நீக்கியிருந்தால் அதே அரேயைத் தரும். நீக்க ஒன்றுமே இல்லாவிட்டால் வெற்று மதிப்பைத் தரும். ஒருவர் 'பட்டியல்.யூனிக்!.சார்ட்' என்று சங்கிலியாக எழுதுகிறார். சோதனைக்கு அவர் கொடுக்கும் தரவில் இரட்டிப்பு இருக்கும், ஏனென்றால் இரட்டிப்பு நீங்குகிறதா என்று பார்ப்பதுதானே சோதனையின் நோக்கம்? எல்லாம் பச்சை. பிறகு ஒருநாள் சுத்தமான தரவு வருகிறது, இரட்டிப்பே இல்லை, வெற்று மதிப்பின் மேல் 'சார்ட்' கூப்பிடப்பட்டு நிரல் விழுகிறது. நல்ல தரவு வந்ததால் உடைகிற நிரல்! அதே அரேயின் 'சார்ட்!' எப்போதும் அரேயைத்தான் தரும் என்பதால் சங்கிலி எழுதலாம் என்ற பழக்கம் ஏற்கெனவே கையில் ஊறியிருக்கும். குறி ஒன்றுபோல இருக்கிறது, திருப்பித் தரும் மதிப்பு ஒன்றுபோல இல்லை.

ஜூலியா மொழி இதே குறியை ஸ்கீம் என்ற பழைய மொழியின் பரம்பரையிலிருந்து எடுத்துக்கொண்டு கட்டுப்பாடாகப் பயன்படுத்துகிறது. உள்ளீடாகக் கொடுத்த ஆர்க்யுமெண்டை மாற்றும் ஃபங்ஷனுக்குக் குறி, ஜோடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அங்கே 'புஷ்' குறியில்லாமல் கிடையாது. கோப்பில் எழுதுவது, ரேண்டம் எண் எடுப்பது போன்றவை விலக்கு என்று நடைக் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விலக்கை எழுதி வைத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது, எழுதாத விலக்கை ஒவ்வொருவரும் தனித்தனியாக அடிபட்டுத்தான் கற்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு என் பரிந்துரை இது. ஆச்சரியக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வழக்கமாக விடாமல் மொழியின் விதியாக்குங்கள். ஒரு மெத்தட் தன் ஆப்ஜெக்டை மாற்றினால் பெயரில் குறி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கம்பைல் ஆகக்கூடாது. குறி இருந்தும் எதையும் மாற்றவில்லை என்றால் எச்சரிக்கை. ஒரு லைப்ரரி எழுதுபவருக்கு இந்த வசதி கிடையாது, அவரால் பெயரை மட்டும்தான் வைக்க முடியும். நீங்கள் மொழியையே எழுதுகிறீர்கள். பெயருக்கும் நடத்தைக்கும் நடுவில் கம்பைலரை நிறுத்தும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

இதோடு ஒட்டிய இரண்டு விதிகள். குறியிட்ட மெத்தட் தன் ஆப்ஜெக்டையே திருப்பித் தரக்கூடாது. 'பாப்' போல வெளியே எடுத்த உறுப்பைத் தரலாம், அது வேறு பொருள்; தன்னையே தருவது கூடாது. குறியில்லாத மெத்தட்டின் மதிப்பை வாங்காமல் விட்டால் எச்சரிக்கை வர வேண்டும். 'வரி.ஸ்ட்ரிப்()' என்ற அந்த ஊமை வரி இதனால் பிடிபடும். சங்கிலி எழுதும் வசதி போகிறதே என்று உங்கள் குழுவில் யாராவது வருத்தப்படுவார்கள். குறியில்லாத மெத்தட்களில் சங்கிலி தாராளமாக எழுதலாமே. இருப்பதை மாற்றிக்கொண்டே போகும் சங்கிலிதான் போகிறது.

உள்ளே ஒரு கேஷில் விடையைச் சேமித்து வைக்கும் மெத்தட்டை என்ன செய்வது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாத மாற்றத்துக்குக் குறி வேண்டாம். அப்படிப்பட்ட ஃபீல்டைத் தனியாக அறிவிக்க ஒரு வழி வையுங்கள். சி++ மொழியில் 'மியூட்டபிள்' என்ற சொல் இந்த வேலையைத்தான் செய்கிறது.

பைத்தானின் தரவு லைப்ரரியான பாண்டாஸ் பாணியில் ஒரே மெத்தட்டுக்கு 'இன்பிளேஸ்' என்று ஒரு உண்மை-பொய் ஆர்க்யுமெண்ட் கொடுக்கும் யோசனையும் வரும். வேண்டாம். அந்த ஒரு ஆர்க்யுமெண்டைப் பொறுத்துத் திருப்பித் தரும் மதிப்பின் டைப்பே மாறுகிறது. அது இரண்டு மெத்தட், ஒரு பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாருக்குச் சின்னப் பெயர் என்பதில்தான் நிஜமான கருத்து வேறுபாடு வரும். என் முறையில் 'சார்ட்' என்றால் புது லிஸ்ட், 'சார்ட்!' என்றால் அதே லிஸ்ட். வேகம் பற்றிக் கவலைப்படுபவர்கள், பிரதி எடுக்கும் மெத்தட்டுக்கு ஏன் சுலபமான பெயர் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாதாரணமாகக் கை போக வேண்டிய இடத்துக்குச் சின்னப் பெயரும், யோசித்துத் தொட வேண்டியதற்குக் கூடுதல் எழுத்தும் என்பது பல இடங்களில் நன்றாக வேலை செய்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டைப் பிரௌசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்-ல் கோப்பைப் படிக்கும் 'ரீட்ஃபைல்' காத்திருக்காது. மொத்த நிரலையும் நிறுத்தி வைத்துப் படிப்பது 'ரீட்ஃபைல்சிங்க்'. சி#-ல் தலைகீழ்: 2012-ல் இப்படிக் காத்திருக்காமல் வேலை செய்யும் அசிங்க் முறை வந்தபோது பழைய மெத்தட்கள் ஏற்கெனவே சின்னப் பெயரைப் பிடித்து வைத்திருந்தன, அதனால் புதியவை 'அசிங்க்' விகுதியைச் சுமந்தன. இரண்டிலும் விகுதி ஒரு தகவலைச் சொல்கிறது, ஆனால் எது இயல்பு என்பதில் இரண்டு மொழிகளும் எதிரெதிர். ரஸ்டில் எல்லை சரிபார்க்காமல் உறுப்பை எடுக்கும் மெத்தட்டின் பெயர் 'கெட்_அன்செக்ட்'. வலைப்பக்கம் கட்டும் லைப்ரரியான ரியாக்டில் சரிபார்க்காத எச்டிஎம்எல்லைப் பக்கத்தில் நேரடியாகப் போடும் வழிக்கு 'டேஞ்சரஸ்லிசெட்இன்னர்எச்டிஎம்எல்' என்றே பெயர். தட்டச்சு செய்ய எரிச்சலாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ரிவ்யூ செய்பவர் கண் அந்த வரியில் கட்டாயம் நிற்கும்.

இப்போது 'கெட்'.

இந்த முன்னொட்டு பரவியதற்குப் பெரும் காரணம் ஜாவாபீன்ஸ் என்ற ஜாவா விதிமுறை. சன் நிறுவனத்தின் 1997-ம் ஆண்டு விவரக்குறிப்பு, 'கெட்', 'செட்', 'இஸ்' என்று தொடங்கும் மெத்தட்களைப் பார்த்து ஒரு ஆப்ஜெக்டில் என்னென்ன பண்புகள் இருக்கின்றன என்று கருவிகள் கண்டுபிடிக்க வழி வகுத்தது. மனிதர் படிப்பதற்காக வந்ததை விட, கருவிக்காக வந்த பெயர் அது. அந்தத் தேவை இல்லாத மொழிகள் அதை விட்டுவிட்டன. கோவின் வழிகாட்டி 'கெட்ஓனர்' வேண்டாம், 'ஓனர்' போதும் என்கிறது. ரஸ்டும் அப்படியே. ஜாவாவே 2021-ல் 16-ம் பதிப்பில் தரவைச் சுமக்க மட்டுமான ரெக்கார்டுகளை நிலைப்படுத்தியபோது அவற்றின் மெத்தட்களுக்குக் 'கெட்' வைக்கவில்லை. உங்கள் மொழியில் வேண்டாம்.

அதை எடுத்துவிட்டால் ஒரு லாபம் உண்டு. வினைச்சொல் வரும் இடத்தில் நிஜமாகவே ஒரு வேலை நடக்கிறது என்று சொல்ல முடியும். 'நீளம்' மாதிரி வெறும் பெயர்ச்சொல் என்றால் கையில் இருப்பதைத் தருகிறது, செலவு இல்லை. நெட்வொர்க்கில் போய் எடுத்து வருவது என்றால் 'ஃபெட்ச்', வட்டிலிருந்து என்றால் 'லோட்', கணக்கிட வேண்டுமென்றால் 'கம்ப்யூட்'. சி#-ல் லிஸ்டின் 'கவுண்ட்' என்ற பண்பு உடனே விடை தரும். அடைப்புக்குறி போட்ட 'கவுண்ட்()' பொதுவான தொடர்மீது அழைத்தால் முதலிலிருந்து கடைசிவரை எண்ணிக்கொண்டு போகக்கூடும். படிப்பவருக்கு வித்தியாசம் இரண்டு வளைவுக் குறிகள். லூப்புக்குள் அது உட்கார்ந்தால் நிரல் எவ்வளவு மெதுவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செலவைப் பெயரில் சொல்வதில் ரஸ்ட் போல வேறு மொழி செய்து நான் பார்த்ததில்லை. 'ஆஸ்_' என்று தொடங்கினால் இலவசம், அதே நினைவகத்தை வேறு கண்ணால் பார்க்கிறது. 'டு_' என்றால் செலவு உண்டு, பெரும்பாலும் புதுப் பிரதி. 'இன்டு_' என்றால் பழையதை விழுங்கிவிட்டுப் புதியதைத் தருகிறது. ஸ்ட்ரிங்கின் 'ஆஸ்_பைட்ஸ்', 'டு_லோயர்கேஸ்', 'இன்டு_பைட்ஸ்' மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதி ஒரு நிமிடத்தில் மனதில் பதிந்துவிடும். 'இன்டு_' அழைத்த பிறகு பழையதைத் தொட்டால் கம்பைலர் விடாது. பெயரும், மெத்தட் தன் ஆப்ஜெக்டை ('செல்ஃப்') வாங்கும் விதமும் பொருந்தவில்லை என்றால் கிளிப்பி என்ற நிரல் சரிபார்க்கும் கருவி சொல்லிவிடும். உங்கள் மொழியில் நினைவக உரிமை இந்த அளவு கறாராக இல்லாவிட்டாலும், 'ஆஸ்', 'டு' என்ற இரண்டையாவது அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையா பொய்யா என்று சொல்லும் மெத்தட்களுக்கு ஒரு அடையாளம் கட்டாயம் வேண்டும், ரூபியின் கேள்விக்குறியோ 'இஸ்' முன்னொட்டோ. அடையாளம் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சி++ சாட்சி. அங்கே லிஸ்ட் போன்ற வெக்டரின் 'எம்ப்டி' காலியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், காலி செய்வது 'கிளியர்'. ஆங்கிலத்தில் 'எம்ப்டி' வினையும்தான், பெயரடையும்தான். காலி செய்வதாக நினைத்து 'வெக்டர்.எம்ப்டி();' என்று எழுதினால் கம்பைல் ஆகும், ஓடும், ஒன்றும் நடக்காது. சி++20-ல்தான் அந்த மெத்தட்டுக்கு, மதிப்பை வாங்காமல் விட்டால் எச்சரிக்கத் தூண்டும் குறிப்பைச் சேர்த்தார்கள்.

ஜாவாவின் 'த்ரெட்.இன்டரப்டட்()' இதைவிட மோசம். பெயரைப் படித்தால் குறுக்கிடப்பட்டதா என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் பதில் சொல்லும்போதே, குறுக்கீடு வந்ததைப் பதிந்து வைத்திருந்த குறியீட்டை அழித்தும் விடுகிறது. பாதிப்பில்லாமல் பார்த்து மட்டும் சொல்வது 'இஸ்இன்டரப்டட்'. பிழை தேடும்போது ஒருவர் லாக் வரியில் 'த்ரெட்.இன்டரப்டட்()' என்று அச்சிட்டுப் பார்க்கிறார் என்று வையுங்கள். அந்த லாக் வரி குறியீட்டை அழித்துவிடும், கீழே அதே குறியீட்டைப் பார்த்து நிற்க வேண்டிய லூப் நிற்காது. பார்க்கப் போனதால் மாறிய நிரல். நான் சொன்ன விதி இருந்தால் இதன் பெயரில் ஆச்சரியக்குறி வந்தே தீரும், லாக் வரியில் அதைப் பார்த்த எவரும் ஒரு கணம் தயங்குவார்கள்.

ஜோடிப் பெயர்களில் இன்னொரு வலை இருக்கிறது. ஜாவா ஸ்ட்ரிங்கில் 'ரீப்ளேஸ்', 'ரீப்ளேஸ்ஆல்' என்று இரண்டு. முதலாவது ஒரு இடத்தை மட்டும் மாற்றும், இரண்டாவது எல்லாவற்றையும் என்றுதானே தோன்றும்? இரண்டுமே எல்லா இடங்களையும் மாற்றும். உண்மையான வேறுபாடு, இரண்டாவது மெத்தட் தன் முதல் ஆர்க்யுமெண்டை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்து அமைப்பைத் தேடும் விதியாகப் படிக்கும். "10.20.30" என்பதில் புள்ளியைக் கோடாக மாற்ற 'ரீப்ளேஸ்ஆல்' கூப்பிட்டால் எட்டுக் கோடுகள் மட்டும் மிஞ்சும், ஏனென்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் புள்ளி என்றால் எந்த எழுத்தும் பொருந்தும். ஜாவாஸ்கிரிப்டில் இதே ஜோடி: 'ரீப்ளேஸ்' சாதாரண ஸ்ட்ரிங் கொடுத்தால் முதல் இடத்தை மட்டும் மாற்றும், 2021-ல் வந்த 'ரீப்ளேஸ்ஆல்' எல்லாவற்றையும். ஒரு மொழியில் கற்றதை மற்றதில் கொண்டுபோனால் அடிதான். ஆகவே ஒரு ஜோடிக்குப் பெயர் வைக்கும்போது, பெயர்களுக்குள் இருக்கும் வேறுபாடும் நடத்தையில் இருக்கும் வேறுபாடும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

விவாதம் தீராத பெயர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வரையறைகளை ஒளித்துவிட்டு, அந்த மெத்தட்களை அழைக்கும் வரிகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். விவாதத்தில் இல்லாத ஒருவரிடம், முடிந்தால் ஆங்கிலம் தாய்மொழி அல்லாத ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பழைய லிஸ்டில் என்ன இருக்கும், புது வேரியபிளில் என்ன இருக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'எந்தப் பெயர் பிடித்திருக்கிறது' என்று மட்டும் கேட்காதீர்கள், அவரவருக்குப் பழகிய மொழியின் பெயர்தான் பிடிக்கும். தவறாக ஊகித்த வரிகளை மட்டும் திரும்ப விவாதத்துக்கு எடுங்கள். பெரும்பாலும் நீங்கள் காரசாரமாகச் சண்டை போட்ட பெயர்களை எல்லோரும் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார்கள், யாரும் பேசவே பேசாத 'எம்ப்டி' மாதிரி ஒன்றில் போய் மாட்டியிருப்பார்கள்.

இதையெல்லாம் முதல் நிலையான பதிப்புக்கு முன்பே செய்துவிடுங்கள். வெளியே போன பெயரைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்டின் 'ஃபிளாட்' உதாரணம். அதற்கு முதலில் முடிவான பெயர் 'ஃபிளாட்டன்'. 2018-ல் ஒரு பிரௌசரின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்ததும், மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி தன்னுடைய 'ஃபிளாட்டன்' ஒன்றை அரேக்களில் வைத்திருந்ததால், அதை நம்பிய பழைய தளம் உடைந்தது. கிண்டலாக 'ஸ்மூஷ்' என்று ஒரு பெயர்கூட முன்மொழியப்பட்டு, கடைசியில் 2019 தரநிலையில் 'ஃபிளாட்' என்று நுழைந்தது. அதற்கு முன் 'கன்டெயின்ஸ்' என்று வரவேண்டியது 'இன்க்ளூட்ஸ்' ஆனதற்கும் இதே லைப்ரரிதான் காரணம்.

உங்கள் மொழிக்கு இன்னும் அந்தச் சுமை இல்லை, அதனால் இப்போது தாராளமாக மாற்றலாம். மாற்றும்போது பழைய பெயரைப் புது மெத்தட்டுக்குச் சுட்டும் மாற்றுப்பெயராக ஒரு பதிப்பு முழுக்க எச்சரிக்கையோடு வைத்திருங்கள், அழைப்புகளைத் தானாக மாற்றித் தரும் கருவியையும் கூடவே கொடுங்கள், அடுத்த பதிப்பில் எடுத்துவிடுங்கள். ஆனால் எடுத்த பெயரை வேறு பொருளில் உடனே திரும்பக் கொண்டுவராதீர்கள். குறிப்பாக 'சார்ட்' போன்ற ஒன்றை, மாற்றுவதிலிருந்து பிரதி தருவதாகவோ அதற்கு எதிராகவோ ஒரே தாவலில் திருப்ப வேண்டாம். நடுவில் ஒரு பதிப்பாவது அந்தப் பெயரை அழைத்தால் கம்பைல் ஆகாமல் இருக்கட்டும்.